தொண்ணூற்று நாலுக்கும் தொண்ணூற்றாறுக்கும் நடுவே

நாலு நாட்களாக ஒரு சிவப்புகூட வரவில்லை. ஐம்பத்து மூன்று கன்டெய்னர், ஐம்பத்து மூன்றுக்கும் பச்சை. வெள்ளிக்கிழமை காலையில் இசக்கிராஜா அண்ணன் ஒரு டப்பா மக்ரூனோடு லேபுக்குள் வந்து, "பாத்தியா மாடத்தி, ஒரு பெட்டிகூட மக்கர் பண்ணல" என்று நீட்டினார். ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தேன். தின்ன மனசு வரவில்லை.

என் பெயர் சுடலைமாடத்தி. முன்னால் டாக்டர் என்று போட்டுச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும், வந்துவிட்டுப் போகட்டும். லேசரில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கி, ஆறு வருடம் வெளியூரில் குப்பை கொட்டிவிட்டு முத்தையாபுரத்துக்கே திரும்பி வந்தவள். கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் மூத்தவரான இசக்கிராஜா அண்ணன் இங்கே சின்னதாக ஒரு கம்பெனி ஆரம்பித்தபோது, மெஷினுக்கு மூளை வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். அண்ணன் என்று கூப்பிட்டாலும் முதலாளி முதலாளிதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் மாதம் இரண்டு தடவையாவது முட்டிக்கொள்வோம்.

மெஷின் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் இறங்கும் மரக்கட்டையிலும் முந்திரிக்கொட்டையிலும் இருக்கும் பூச்சி சாக வேண்டும் என்று, கன்டெய்னருக்குள் மெத்தில் புரோமைடு வாயுவை அடித்து மூடிவிடுவார்கள். பூச்சி செத்தபின் காற்றாட விட்டால் வாயு போய்விடும். போக வேண்டும். சில பெட்டிகளில் மூட்டைகளுக்கு நடுவே அது தங்கிவிடும். நிறம் கிடையாது, வாடை கிடையாது. உள்ளே போனவர்களுக்கு அப்போதே ஒன்றும் செய்யாது; சில மணி நேரமோ சில நாளோ கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். இதுநாள்வரை கன்டெய்னர்களை இறக்கிவைக்கும் யார்டில் ஒரு ஆள் கண்ணாடிக் குழாயில் காற்றை உறிஞ்சி, நிறம் மாறுகிறதா என்று பார்த்து, சீட்டு எழுதிக் கொடுப்பார். ஒரு பெட்டிக்கு அரை மணி நேரம் ஆகும். எங்கள் மெஷினுக்கு நாற்பது நொடி.

அது வேலை செய்யும் விதம் இப்படி. மூலக்கூறை உடைப்பது பெரிய வித்தை இல்லை, சூடாக்கினால் உடையும். ஆனால் மண்சட்டி விரிசல் விடுவதைப்போல எங்கே பலவீனமோ அங்கேதான் உடையும். நாம் சொன்ன இடத்தில் உடைய வேண்டுமென்றால், வாங்கிய அடியை அது உடம்பு முழுக்கப் பரப்பிக்கொள்வதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக்கி, அதில் ஒரு துண்டை மறுபடி நூறு கோடித் துண்டாக்கினால் வருவது ஒரு ஃபெம்டோ செகண்ட். எங்கள் லேசரின் ஒவ்வொரு துடிப்பும் அப்படி முப்பத்தைந்து. அந்தத் துடிப்புக்குள் பல வகைச் சிவப்பு இருக்கிறது. எந்தச் சிவப்பு முந்த வேண்டும், எது பிந்த வேண்டும் என்று மாற்றி மாற்றி அடுக்கினால், ஒரே மூலக்கூறு வேறு வேறு இடத்தில் உடையும்.

எந்த அடுக்கு எங்கே உடைக்கும் என்று தாளில் கணக்குப் போட்டுச் சொல்ல எங்களால் ஆகாது. அதனால் மெஷினையே தேட விடுவோம். நாற்பது விதமான துடிப்பை அடித்துப் பார்க்கும். நன்றாக வந்த நாலைந்தை வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளும். வைத்ததைக் கலந்து மறுபடி நாற்பது செய்யும். இப்படி இரவும் பகலும் ஓடினால் கடைசியில் ஒரு துடிப்பு நிற்கும். அது ஏன் ஜெயித்தது என்று மெஷினுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. எது நல்லது, எது கெட்டது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது மட்டும்தான் மனுசர் வேலை. அந்த வேலையைச் செய்தவள் நான்.

உடைந்த துண்டுகளை எடை வாரியாகப் பிரித்துப் படமாகப் போட்டால், மெத்தில் புரோமைடு தொண்ணூற்று நாலிலும் தொண்ணூற்றாறிலும் இரண்டு சிகரமாக நிற்கும். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே உயரம். நடுவே, தொண்ணூற்றைந்தில், வெறும் பள்ளம். நல்ல காற்றில் மரவாடை, கொட்டை எண்ணெய் வாடை என்று நூறு பொருள் இருக்கும். அவற்றின் துண்டுகள் விழுந்து அந்தப் பள்ளம் தூர்ந்துவிடும் என்பது என் கணக்கு. ஆகவே மெஷினிடம் சொன்னேன்: நச்சு மாதிரியில் பள்ளம் ஆழமாக இருக்க வேண்டும், நல்ல மாதிரியில் தூர வேண்டும், இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு மதிப்பெண். இது தோன்றிய அன்று எனக்கு நானே காபி வாங்கிக் குடித்தேன். அவ்வளவு பெருமை.

நல்ல காற்று அறுபது பாட்டில், நச்சுக் காற்று அறுபது பாட்டில். இரண்டு மாதம் யார்டில் கிடந்து இதைப் பிடித்து வந்தது டெரன்ஸ். கடலுக்குப் போய்க்கொண்டிருந்து, முதுகுவலி வந்து கரைக்கு ஏறிய மனிதர். நாற்பத்தைந்து வயது. சொன்னதைச் சொன்னபடி செய்வார். சிவப்பு நாடா கட்டி, வாயு அடித்து மூடிவைத்திருக்கும் பெட்டிகளில் நச்சு மாதிரி. குழாய்க்காரர் சீட்டு எழுதி, திறக்கப்போகிற பெட்டிகளில் நல்ல மாதிரி. கதவின் கீழ்மூலையில் ரப்பர் பட்டைக்குள் ஊசிக் குழாயைச் செருகி உறிஞ்சி எடுப்பார். தேதி, மணி, சரக்கு, வெயில், ஈரப்பதம் எல்லாம் அவர் நோட்டில் இருக்கும்.

திங்கட்கிழமை முதல் குழாய்க்காரரை நிறுத்திவிட்டார்கள். எங்கள் விளக்கைப் பார்த்துத்தான் கதவு திறக்கும். படத்தையும் ஒரு திரையில் காட்டுவோம் என்று நான் கேட்டதற்கு அண்ணன், "அங்கன எவன் கிராஃப் பாப்பான்? ஒரு லைட்டு போதும். பச்சைனா தொற, செவப்புனா தொறக்காத" என்றுவிட்டார். அன்று நான் அவ்வளவாக முட்டிக்கொள்ளவில்லை.

பச்சை எரிந்து கதவு திறந்ததும் முதலில் உள்ளே போகிறவர்கள் இரண்டு பெண்கள். பேச்சித்தாய் ஒருத்தி, ஜெப்ஸி ஒருத்தி. முந்திரிக்கொட்டைப் பெட்டியின் சுவரெல்லாம் காகிதம் ஒட்டி, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். மூட்டைகளின் மேலே தவழ்ந்து கடைசிவரை போய் அதையெல்லாம் பிய்த்து எடுத்த பிறகுதான் ஆண்கள் மூட்டைக்குக் கைவைப்பார்கள். தலைக்கும் தகரத்துக்கும் நடுவே ஒன்றரை அடி இருந்தால் அதிகம்.

பேச்சி எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை பக்கத்து இடம். அதற்குமேல் அவளை வீட்டில் படிக்க விடவில்லை. திங்கட்கிழமை மெஷினை இறக்கிவைத்தபோது அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது நீ செஞ்சதாளா?"

"பெட்டியும் லைட்டும் நான் செய்யல. உள்ள இருக்க மூளை நான் செஞ்சது."

"அப்ப சரி. எட்டாங்கிளாசு வரைக்கும் எங்கணக்கையும் நீதான போட்ட. ஒண்ணுகூடத் தப்பு வந்ததில்ல." சொல்லிவிட்டு ஜெப்ஸியிடம் திரும்பி, "இவ சொன்னா கண்ண மூடிக்கிட்டு உள்ள போலாம்ளா" என்றாள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

புதன்கிழமை சும்மா ஒரு சோதனைக்காக யார்டில் வைத்ததைப் போலவே லேபில் இருக்கும் இன்னொரு மெஷினுக்கு நைட்ரஜன் சிலிண்டரைக் கொடுத்துப் பார்த்தேன். சுத்தமான நைட்ரஜன். அதில் தூசிகூட இருக்காது. சிவப்பு எரிந்தது. குழாயைக் கழுவி மறுபடி கொடுத்தேன். மறுபடி சிவப்பு. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சுத்தக் காத்துக்கு செவப்பு காட்டினா என்ன இப்ப?" என்றார். "சேஃப் சைடுலதான தப்பு பண்ணுது. பச்சைனு சொல்லித் தப்பு பண்ணாதான பிரச்சினை. சும்மா நோண்டிக்கிட்டுக் கெடக்காத."

அந்தப் பேச்சு கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் உறைத்தது. ஒன்றுமில்லாத காற்றையே நச்சு என்கிற மெஷின், பழைய வாயு கொஞ்சமாவது மிச்சமிருக்கும் பெட்டிகளில் ஒன்றைக்கூட நச்சு என்று சொல்லவில்லை. இவ்வளவு பயந்தாங்கொள்ளி மெஷினுக்கு யார்டுக்குப் போனதும் எங்கிருந்து தைரியம் வந்தது? வியாழக்கிழமை முழுக்க இதையே போட்டு உருட்டினேன். காரணம் பிடிபடவில்லை. ஆனால் நிறுத்தச் சொல்லவும் இல்லை. நாலு நாளாக ஊரே மெச்சிய மெஷின் என்னுடையது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மக்ரூன் கொடுத்த கையோடு அண்ணன் பூஜைக்கு ஆரம்பித்தார். வெள்ளிதோறும் பத்தரை மணிக்கு லேப் சுவரில் இருக்கும் படத்துக்கும் மெஷினுக்கும் கற்பூரம் காட்டுவது அவர் வழக்கம். லேசர் கண்ணாடிகளில் புகை படிந்தால் போச்சு என்று நான் கத்துவதால், வாசலோடு நின்று தட்டை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கு நான் சிலிண்டர் மாற்றுவதற்காக உறிஞ்சு குழாயைக் கழற்றித் தரையில் போட்டிருந்தேன். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அறைக்காற்றை இழுத்துக்கொண்டு, மூன்று நாளாக எரிகிற அதே சிவப்போடு.

அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். விளக்கு பச்சையாகிவிட்டது.

நான் அசையாமல் அதையே பார்த்தேன். கற்பூரம் எரிந்து அணைந்தது. ஒரு நிமிடத்தில் விளக்கு சிவப்புக்கு வந்தது. "அண்ணே, அந்தக் கற்பூர டப்பாவ இங்க தாங்க" என்றேன். ஒரு வில்லையை எடுத்து, பற்றவைக்கக்கூட இல்லை, குழாயின் வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். பச்சை. படத்தைத் திறந்தேன். எண்பத்தொன்று, நூற்றெட்டு, நூற்று ஐம்பத்திரண்டு என்று கற்பூரத்தின் துண்டுகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றையும்விட உயரமாக, கூரையை இடிக்கிற மாதிரி, தொண்ணூற்றைந்து.

இரவும் பகலும் ஓடித் தேடி அந்த மெஷின் என்ன கண்டுபிடித்திருக்கிறது என்று எனக்கு அப்போது புரிந்தது. கற்பூரத்தைச் சரியாகத் தொண்ணூற்றைந்தில் உடைக்கும் துடிப்பை அது கண்டுபிடித்திருக்கிறது. நான் தூர்க்கச் சொன்ன பள்ளத்தை அது கற்பூரத்தைப் போட்டுத் தூர்த்திருக்கிறது. அதன்மேல் குற்றமே கிடையாது. கேட்டதை அச்சுப் பிசகாமல் செய்திருக்கிறது.

இன்னும் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. புகைப்போக்கிக் கூண்டுக்குள் வைத்துச் சோதனைச் சிலிண்டரைத் திறந்தேன். மனுசரைக் கொல்லும் அளவு மெத்தில் புரோமைடு அதில் இருக்கிறது. சிவப்பு. கற்பூர வில்லையைப் பக்கத்தில் நகர்த்தினேன். மனதுக்குள் எண்ணினேன். நாற்பது எண்ணுவதற்குள் பச்சை.

அண்ணன் முகம் வெளிறிவிட்டது. "ஏளா, யார்டுல எவன் கற்பூரம் ஏத்துதான்?" என்றார். "அங்கன தீக்குச்சியே கொண்டுபோகக் கூடாதே."

டெரன்ஸுக்குப் போன் போட்டேன். யார்டுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். எடுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். எடுத்தார். டீ குடிக்க கேட்டுக்கு வெளியே வந்திருக்கிறார்.

"டெரன்ஸ் அண்ணே, பெட்டி தொறக்கயில யாராவது கற்பூரம் ஏத்துவாங்களா?"

லாரிச் சத்தத்துக்கு நடுவே அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், அது நோட்டுல எழுத வேண்டாம்னுதான் விட்டேன். பேச்சிதான். வாசக்கதவு கீழ்மூலையில ஒரு வில்லை கொளுத்தி வச்சுக் கும்பிட்டுட்டுத்தான் தொறக்க விடுவா. அவ புருசன் செந்தூர்பாண்டி ரெண்டு வருசத்துக்கு முன்னால பெட்டிக்குள்ளதான விழுந்து செத்தான். அதுலேர்ந்து இப்படித்தான். தீ பத்தவச்சது எழுத்துல வந்துச்சுன்னா சூப்பர்வைசர் அவ சோலியப் பிடுங்கிருவான். எல்லாருக்கும் தெரியும் மேடம். யாரும் சொல்லமாட்டோம்."

"நீங்க குழாய் செருகுத அதே மூலையிலயா?"

"அங்கதான. அவ கும்பிட்டு முடிக்கட்டும்னு நின்னுட்டு, அப்புறம்தான் நான் செருகுவேன்."

நல்ல மாதிரி அறுபதும் திறக்கப்போகிற பெட்டி. பேச்சி கற்பூரம் ஏற்றிய பெட்டி. நச்சு மாதிரி அறுபதும் சிவப்பு நாடாவுக்குள் கிடந்த பெட்டி. அந்தப் பக்கமே அவள் போகமாட்டாள். மெஷினுக்கு நான் காட்டிய நன்மை தீமை எல்லாம் இவ்வளவுதான், கற்பூரம் உண்டா இல்லையா. நானே மூன்று தடவை அந்தக் கதவுகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அந்த வாசனையை மோந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோயிலில் வளர்ந்த மூக்கு, அதை ஒரு பொருளாகவே எடுத்துக்கொள்ளவில்லை. என் படிப்பைத் தூக்கி உடைப்பில் போட வேண்டும்.

"இப்ப அங்க என்ன நடக்கு?" என்றேன்.

"பதிமூணு பெட்டி வந்திருக்கு. மொதப் பெட்டிக்குப் பச்சை எரிஞ்சாச்சு. பேச்சி சீலு வெட்டுத ஆளுக்காகக் காத்துக்கிட்டு நிக்கா."

"ஓடுங்க. அவள உள்ள விடாதீங்க. மெஷின் பொய் சொல்லுது. ஓடுங்க."

போன் வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. ஓடியிருப்பார். அதற்குமேல் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு வழியில்லை. அண்ணன் காரை எடுத்தார். ஹார்பர் ரோட்டில் நிலக்கரி லாரிகள் வரிசையாக நின்றன. அண்ணன் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. யார்டு ஆபீசுக்கு மூன்று தடவை போட்டேன், மணி அடித்து அடித்து நின்றது. தவழ்ந்து போய்க்கொண்டிருக்கும் அவளுடைய கால்கள்தான் கண்ணுக்குள் நின்றன. இரண்டு மூட்டைக்கு நடுவே அவள் முகத்தை வைத்து மூச்சு இழுப்பதைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. வழியில் அண்ணன் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "புதன்கிழமையே நீ சொன்ன" என்றார். "சொன்னேன், சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்" என்றேன்.

கேட்டில் காரை விட்டுவிட்டு லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு ஓடினோம். முதல் பெட்டியின் முன்னால் கூட்டம். டெரன்ஸ் கதவில் முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்து நின்றார். மூச்சு வாங்கியது. அவர் எதிரே இடுப்பில் கைவைத்து பேச்சி. கதவு மூடித்தான் இருந்தது.

"நீயே கேளுளா இந்த மனுசன" என்றாள் என்னைப் பார்த்து. "பச்சை எரியுது, தொறக்க விடமாட்டங்காரு. கற்பூரம் ஏத்தினத ஒங்கிட்ட போயி ஒப்பிச்சிருக்காரு. பெரிய துரோகி."

"பேச்சி, செத்த நேரம் சும்மா இரு. ஒரு நிமிசம்."

கற்பூரம் எரிந்த கரி கதவோரம் இருந்தது. டெரன்ஸிடம் ஊசிக்குழாயைக் கழுவிக்கொண்டு, மறுபக்கக் கதவின் மேல்மூலையில் செருகச் சொன்னேன். ஏணி கொண்டுவந்தார்கள். நாற்பது நொடி. விளக்கு சிவப்பானது. அந்தச் சிவப்பை நான் நம்பவில்லை. அது சுத்தக் காற்றுக்கும் எரிகிற சிவப்பு. லேப்டாப்பில் படத்தைப் பார்த்தேன். தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றாறு. இரண்டும் ஒரே உயரத்தில் ஓங்கி நின்றன. சோதனைச் சிலிண்டரில் பார்த்ததைவிட உயரம்.

"யாரும் இந்தப் பெட்டிக்குப் பக்கத்துல வராதீங்க" என்று அண்ணன் கத்தினார். கூட்டம் பின்வாங்கியது. சூப்பர்வைசர் ஓடிவந்து நாடா கட்டச் சொன்னார். அண்ணன் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்பிச்சோம்ளா" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பேச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பும் அழுகையுமாக வந்தது. நல்லவேளை, அவள் உள்ளே போகவில்லை என்கிற ஒன்றைத் தவிர மனசில் வேறெதுவும் இல்லை.

பேச்சி கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெஷினையே பார்த்தாள்.

"இப்ப ரெண்டு லைட்டும் செவப்பால்லா எரியுது" என்றாள்.

மெஷினில் இருப்பது ஒரு விளக்கு.

"எத்தனை லைட்டு பேச்சி?"

"ரெண்டுதான. புதன்கிழமைலேர்ந்து எல்லாம் ரெண்டு ரெண்டாத்தான் தெரியுது. வெயிலுல நின்னு நின்னு கண்ணு பூத்துப்போச்சு." சொல்லிக்கொண்டே பக்கத்திலிருந்த மூட்டையில் உட்காரப் போனாள். மூட்டைக்கு ஒரு முழம் இந்தப் பக்கம், வெறும் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்துவிட்டுச் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அவளை ஆட்டோவில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "நான் போனதெல்லாம் பச்சை எரிஞ்ச பெட்டிளா, எனக்கு என்ன வந்துரும்" என்று அதையே சொன்னாள். நாக்கு கொஞ்சம் குழறியது. அந்தப் பச்சை அத்தனையும் பொய், நான் செய்த தப்பு என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அவள் உடனே நம்பவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு முகம் தெரிந்திருக்கும். பிறகுதான் கேட்டாள்.

"அப்ப ஜெப்ஸிக்கு வந்திருக்கது காய்ச்சல் இல்லையாளா?"

ஜெப்ஸி முந்தாநாள் சாயங்காலம் தலைவலி என்று போனவள், இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. டெரன்ஸ் பைக்கை எடுத்துக்கொண்டு அவள் வீடு இருக்கும் திரேஸ்புரத்துக்குப் பறந்தார்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர், எந்த வாயு, எந்தெந்த நாள், எவ்வளவு நேரம் என்று கேட்டார். விளக்கு நிறத்தை மட்டும்தான் யார்டுக்குச் சொன்னோமே தவிர, படங்கள் எல்லாம் மெஷினில் பதிவாகித்தான் இருந்தன. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஐம்பத்து மூன்றையும் ஒன்றொன்றாகத் திறந்தேன். மூன்றில் கற்பூரத்தின் பெரிய சிகரத்துக்கு இருபுறமும், பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால், இரட்டைப் பிள்ளைகள் இரண்டு தோள் மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. செவ்வாய்க்கிழமை இரண்டு பெட்டி, புதன்கிழமை ஒன்று. எனக்குப் பார்க்கத் தெரியும். நாலு நாளும் நான் பச்சை வந்ததா என்று மட்டும் பார்த்தேன். எழுதிக் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தேன்.

மூன்றரை மணிக்கு டெரன்ஸ் கூப்பிட்டார். ஜெப்ஸிக்கு விடியற்காலையில் வலிப்பு வந்து, அக்கம்பக்கத்தார் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இதே ஆஸ்பத்திரிதான், மேல்மாடி. இன்னும் நினைவு திரும்பவில்லையாம். இதைக் கேட்டுக்கொண்டு நான் பேச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவளுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவேண்டி இருக்கவில்லை, என் முகத்திலிருந்தே படித்துவிட்டாள்.

"டெரன்ஸண்ணன் காலையில என்னமோ சொன்னாரே" என்றாள் மெதுவாக. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துத்தான் பேச முடிந்தது. "நான் ஏத்தின கற்பூரத்தால மெஷினு ஏமாந்துபோச்சுன்னு."

"தப்பு என்னுது பேச்சி. ஒன்னுது இல்ல. நான்தான் அதுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்தேன்."

"அதக் கேக்கல." கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால்தான் எல்லாம் ஒன்றாக இருக்கிறதாம். "அவர நெனச்சு நான் ஏத்துனேன்லா. அத ஏத்தாம இருந்திருந்தா, நாங்க போன பெட்டிக்குச் செவப்பு காட்டிருக்குமா, காட்டிருக்காதா? அத மட்டும் சொல்லு."

எனக்குப் பொய் சொல்ல வரும், நன்றாகவே வரும். ஆனால் நான் சொன்னதை நம்பித்தான் அவள் இங்கே வந்து படுத்திருக்கிறாள்.

"காட்டிருக்கும்" என்றேன்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.